பிரிவேரிகேட்: பொய்யா, மழுப்பலா?

கேள்வி: ஒரு மென்பொருள் நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். இந்த வருட மதிப்பீட்டுப் படிவத்தில், ‘வேலை எப்போது முடியும் என்று கேட்டால் பிரிவேரிகேட் செய்கிறார்’ என்று என் மேலாளர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கைபேசி அகராதியில் தேடினால் ‘பொய் சொல்’ என்று வருகிறது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. தேதி கேட்கும்போதெல்லாம், ‘பெரும்பகுதி முடிந்துவிட்டது, இன்னொரு குழுவிடமிருந்து சில விஷயங்கள் வரவேண்டும்’ என்று உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறேன். வேலையைத் தள்ளிப்போடுவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது, இதை ஏன் பெரிதாக எடுத்துக்கொள்கிறாய் என்கிறார் ஒரு நண்பர். எது சரி? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? படிவத்தில் என் கருத்தை எழுத ஒரு வாரம் இருக்கிறது. மனிதவளத் துறைக்குப் புகார் கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். மேலாளர் உங்களைப் பொய்யர் என்று எழுதவில்லை. உங்கள் நண்பர் நினைப்பதுபோல் வேலையை ஒத்திப்போடுபவர் என்றும் எழுதவில்லை. கேட்ட கேள்விக்கு நேரான பதில் வருவதில்லை, மழுப்புகிறார் என்று எழுதியிருக்கிறார். இது லேசான குற்றச்சாட்டு அல்ல. ஆனாலும் பொய் என்பது வேறு, இது வேறு. அந்த வேறுபாடு தெரியாமல் பதில் எழுத உட்கார்ந்தால், அவர் சொல்லாத குற்றத்தைப் பக்கம் பக்கமாக மறுத்துவிட்டு, சொன்ன குற்றத்தைத் தொடாமலே விட்டுவிடுவீர்கள். படிப்பவருக்கு அதுவே இன்னொரு மழுப்பலாகத் தெரியும்.

அகராதிகள் ஏன் குழப்புகின்றன என்றால், இந்தச் சொல்லின் எல்லை உண்மையிலேயே கொஞ்சம் மங்கலானது. நழுவலாகப் பேசுவது அல்லது நடந்துகொள்வது என்று ஆக்ஸ்போர்டு அகராதி பொருள் தருகிறது. மெரியம்-வெப்ஸ்டர், உண்மையிலிருந்து விலகுவது என்கிறது. அமெரிக்க வழக்கில், ‘பொய் சொன்னார்’ என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இதை ஒரு நாசூக்கான மாற்றாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் கைபேசி அகராதி அந்த ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு ‘பொய்’ என்று முடித்துவிட்டது.

நண்பர் சொன்னதற்கும் ஒரு காரணம் உண்டு. புரோகிராஸ்டினேட் என்று இன்னொரு சொல் இருக்கிறது. அதற்குள் இருப்பது ‘நாளை’ என்று பொருள்படும் கிராஸ் என்ற லத்தீன் சொல். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒத்திப்போடுவதுதான் அது. இரண்டும் காதில் ஏறக்குறைய ஒன்றுபோல் விழுவதால், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே மாற்றிப்போட்டு எழுதுகிறார்கள். முடிவெடுக்காமல் இழுத்தடிக்கும் ஒருவரைப் பற்றிப் பேசும் இடத்தில் பிரிவேரிகேட் வந்தால், பெரும்பாலும் இந்தக் குழப்பம்தான் காரணம். உங்கள் மேலாளரின் வாக்கியம் அப்படிப்பட்டதல்ல. ‘கேட்டால்’ என்று எழுதியிருக்கிறார். ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் பதில் சொல்கிறார். குறை அந்தப் பதிலில் என்கிறார். அவர் சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்தியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பொய்க்கும் மழுப்பலுக்கும் நடுவே உள்ள கோட்டைக் காட்ட அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-இல் தீர்த்த ஒரு வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சாமுவேல் பிரான்ஸ்டன் ஒரு திரைப்படத் தயாரிப்பாளர். அவருடைய நிறுவனம் நொடித்துப்போய், 1966-இல் அது தொடர்பான விசாரணையில் உறுதிமொழி எடுத்துச் சாட்சி சொல்கிறார். கடன் கொடுத்தவர் தரப்பு வழக்கறிஞர் கேட்கிறார்: சுவிஸ் வங்கிகளில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா? இல்லை, ஐயா. எப்போதாவது இருந்ததுண்டா? அதற்கு அவர் சொன்ன பதில்: நிறுவனத்துக்கு சூரிச்சில் சுமார் ஆறு மாதம் ஒரு கணக்கு இருந்தது.

இந்தப் பதிலை நிதானமாக இன்னொரு முறை படியுங்கள். சொன்னது அத்தனையும் உண்மை. நிறுவனத்துக்கு அங்கே கணக்கு இருந்தது. ஆனால் கேள்வி அவரைப் பற்றியது. அவருடைய சொந்தப் பெயரில் ஜெனீவாவில் ஏறக்குறைய ஐந்து வருடம் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. ‘எனக்கு இருந்ததில்லை’ என்று அவர் சொல்லவில்லை. ‘இருந்தது’ என்றும் சொல்லவில்லை. நிறுவனத்தைப் பற்றிச் சொன்னதும், கேட்டவர் ‘அப்படியானால் இவருக்கு இல்லை போலிருக்கிறது’ என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பிற்பாடு விஷயம் வெளியே வந்து, பொய்ச்சாட்சி சொன்ன குற்றத்துக்காகக் கீழ் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தண்டனையை நீக்கியது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: சொற்படி உண்மையான பதில், கேள்வியிலிருந்து நழுவினாலும், கேட்டவரைத் திசைதிருப்பும் நோக்கத்தோடு சொல்லப்பட்டிருந்தாலும், பொய்ச்சாட்சி ஆகாது. நழுவும் சாட்சியை மடக்கிக் கேட்டு நேர்ப்பதில் வாங்குவது கேட்பவரின் வேலை.

சட்டம் அவரைப் பொய்யர் என்று சொல்ல மறுத்துவிட்டது. ஆனால் அவர் நேர்மையாகப் பதில் சொன்னார் என்று அந்தத் தீர்ப்பைப் படித்த யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த இடைவெளியில்தான் பிரிவேரிகேட் என்ற சொல் வாழ்கிறது.

இனி நீங்கள் கேட்ட பூர்விகம். இது லத்தீனிலிருந்து வந்த சொல். வாரஸ் என்றால் கால் வளைந்தவன். அதிலிருந்து வந்த வாரிகாரே என்ற வினை, கால்களை அகட்டி வைப்பதைக் குறித்தது. அதன் முன்னால் ஒரு ஒட்டுச் சேர்ந்து பிரைவாரிகாரி ஆயிற்று: நேரே போகாமல் கோணலாக நடப்பது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, உழவைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைத் தொட்டுவிட்டுப் போகிறார். மேழியைப் பிடித்துக் குனிந்து உழாத உழவனுக்குச் சால் கோணிவிடும். நீதிமன்றத்தில் சொல்லப்படும் குற்றத்துக்கு இந்தப் பெயர் வயலிலிருந்துதான் போயிற்று என்கிறார். லபியோ என்ற சட்ட அறிஞர் வேறு விதமாக, இரு தரப்பிலும் மாறி மாறி வாதாடுவதிலிருந்து வந்த பெயர் என்று விளக்கினார். எனக்குப் பிளினியின் விளக்கம்தான் பிடித்திருக்கிறது. இன்றைய சொற்பிறப்பு ஆய்வும் கோணல் நடை என்ற பொருளின் பக்கம்தான் நிற்கிறது.

நீதிமன்றத்தில் அது என்ன குற்றம் என்பதுதான் இந்தக் கதையில் முக்கியம். பண்டைய ரோமில் அரசு வழக்கறிஞர் என்று யாரும் கிடையாது. குற்ற வழக்கு என்றால், குடிமக்களில் ஒருவர் முன்வந்து குற்றம் சாட்டி நடத்த வேண்டும். அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குற்றவாளியின் ஆளே முந்திக்கொண்டு வழக்குத் தொடுத்து, வலுவான சாட்சியங்களை அமுக்கிவிட்டு, பெயருக்கு நாலு வார்த்தை வாதாடித் தோற்றுவிடலாம். அப்படி நடந்தால் குற்றவாளி விடுதலை. இப்படிச் செய்பவனைத்தான் பிரைவாரிகாடர் என்றார்கள். தன் கட்சியைக் காட்டிக்கொடுத்து எதிர்க்கட்சிக்கு உதவுகிறவன் என்று அல்பியன் என்ற சட்ட அறிஞர் வரையறுக்கிறார். இரண்டு பக்கமும் நிற்பதுபோல் தெரிந்தாலும் உண்மையில் அவன் நிற்பது எதிர்ப்பக்கம்தான் என்ற கருத்தும் அங்கேயே வருகிறது.

கி.மு. 70-இல் சிசிலியைச் சூறையாடிய ஆளுநர் வெர்ரஸ் மீது வழக்கு வந்தபோது, அதை நடத்தும் உரிமைக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருவர் புகழ்பெற்ற ரோமானியப் பேச்சாளர் சிசரோ. இன்னொருவர் வெர்ரஸிடமே நிதி அதிகாரியாக வேலை பார்த்த சீசிலியஸ். யாரிடம் வழக்கை ஒப்படைப்பது என்று முடிவுசெய்யவே தனியாக ஒரு விசாரணை நடந்தது. நீ வழக்கு நடத்த வரவில்லை, அதைக் கெடுக்க வந்திருக்கிறாய் என்ற பொருளில் சிசரோ வாதாடி வழக்கைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். முதற்கட்ட விசாரணையிலேயே வெர்ரஸ் ஊரை விட்டு வெளியேறிவிட்டார். வழக்கு சீசிலியஸ் கைக்குப் போயிருந்தால் எப்படி முடிந்திருக்கும் என்று யோசித்தால், ரோமானியர்கள் இந்தக் குற்றத்துக்குத் தனிப் பெயர் வைத்ததன் நியாயம் புரியும்.

மூன்றாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மார்சியன், வழக்குத் தொடுப்பவர்கள் செய்யக்கூடிய தப்பை மூன்றாகப் பிரிக்கிறார். இல்லாத குற்றத்தைச் சுமத்துவது ஒன்று. உள்ள குற்றத்தை மறைப்பது இன்னொன்று. வழக்கை அடியோடு கைவிட்டு ஓடுவது மூன்றாவது. ஆச்சரியம் என்னவென்றால், மூன்று பெயர்களும் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. முதலாவது கேலம்னி, அவதூறு. மூன்றாவது டெர்ஜிவர்சேட், அதாவது முதுகைத் திருப்பிக்கொள்வது. கட்சி மாறுவதற்கும் பிடிகொடுக்காமல் பேசுவதற்கும் இன்று எப்போதாவது எழுத்தில் தென்படுகிறது. நடுவில் இருப்பதுதான் உங்கள் பிரிவேரிகேட். மார்சியன் அதற்குக் கொடுத்த விளக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். பொய்யை உண்டாக்குவது முதல் வகை. உண்மையை ஒளிப்பது இரண்டாம் வகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் அன்றே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கு வரும் வழியில் சொல் கொஞ்சம் அலைந்தது. கிறித்தவ லத்தீனில் அது ‘கட்டளையை மீறு’ என்ற பொருளுக்குப் போயிருந்தது. 1582-இல் ரீம்ஸ் நகரில் அச்சான ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில், சட்டத்தை மீறுகிறவனைக் குறிக்க இதே சொல் வருகிறது. 17-ஆம் நூற்றாண்டில்தான் ‘நேராகப் பேசாமல் நழுவு’ என்ற இன்றைய பொருள் ஊன்றியது. அந்த நூற்றாண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் கேலியும் சிலேடையுமாகப் பேச ஒருவரை நியமிப்பார்கள். அவருக்குப் பிரிவேரிகேட்டர் என்றே பதவிப் பெயர்.

இதோடு சேர்த்து எண்ணப்படும் இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த வருடப் படிவத்தில் வந்தாலும் வரலாம்: இக்விவகேட். சமமான குரல் என்ற பொருளுள்ள லத்தீன் வேர்களிலிருந்து வந்தது. இரண்டு பொருளுக்கும் இடம்கொடுத்துப் பேசுவது. இங்கிலாந்தில் இந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்தது 1606-இல். நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சதி செய்ததாக நடந்த வழக்கில், ஹென்றி கார்னெட் என்ற இயேசு சபைப் பாதிரியார் விசாரிக்கப்பட்டார். கத்தோலிக்கக் குருமார்கள் ஒளிந்து வாழ்ந்த காலம் அது. பிடிபட்டால், பொய்யும் சொல்லாமல் அடைக்கலம் கொடுத்தவர்களைக் காட்டியும் கொடுக்காமல் எப்படிப் பதில் சொல்வது என்று விளக்கும் ஒரு கையெழுத்துப் படி அதிகாரிகளிடம் சிக்கியிருந்தது.

அதில் ஒரு உதாரணம் வரும். ஒருவன் லண்டனிலிருந்து கோவென்ட்ரி நகருக்கு வருகிறான். லண்டனில் கொள்ளைநோய் என்று நம்பும் காவலர்கள், நீ லண்டனிலிருந்தா வருகிறாய் என்று வாசலில் கேட்கிறார்கள். லண்டனில் நோய் இல்லை என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்போது அவன் ‘இல்லை’ என்று சத்தியம் செய்யலாம், ஏனென்றால் அவர்கள் உண்மையில் கேட்பது ‘நோயோடு வருகிறாயா’ என்பதைத்தான் என்கிறது அந்தப் படி. உயிருக்குப் பயந்து வாழ்ந்தவர்களின் தவிப்பு அதில் எனக்குத் தெரிகிறது, அதனால் அவர்களை எளிதாகக் குறைசொல்ல முடியவில்லை. அரசுத் தரப்பில் எட்வர்ட் கோக் அந்தப் படியைக் காட்டியே கார்னெட்டை நம்பத்தகாதவராக்கினார். மரண தண்டனை நிறைவேறியது.

நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். சாட்சி பிரிவேரிகேட் செய்தார் என்று ஆங்கிலத்தில் வந்தால் ‘மழுப்பினார்’ என்றுதான் எழுதுவேன். இடத்தைப் பொறுத்துப் ‘பிடிகொடுக்காமல் பேசினார்’ என்பதும் சரியாக வரும். ‘பொய் சொன்னார்’ என்று ஒருபோதும் எழுத மாட்டேன், ஏனென்றால் பொய் என்பது விசாரித்து எட்டவேண்டிய முடிவு. மழுப்பல் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிற நடத்தை. ‘தட்டிக்கழித்தார்’ வேலைக்குப் பொருந்தும், பேச்சுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ‘பூசி மெழுகினார்’ என்றால் நடந்த தப்பை மூடினார் என்ற கூடுதல் குற்றம் ஏறிவிடும்.

ஆங்கிலச் சட்ட மரபில் வந்த உரிமையியல் வழக்கு விதிகளில் நழுவலான மறுப்புக்கு ஒரு தடை உண்டு. இன்ன தொகையை வாங்கினாய் என்று குற்றம்சாட்டினால், அந்தத் தொகையை வாங்கவில்லை என்று மட்டும் மறுத்தால் போதாது. அதையோ அதில் ஒரு பகுதியையோகூட வாங்கவில்லை என்று மறுக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். முழுத் தொகைக்கு ஒரு ரூபாய் குறைய வாங்கியவனும் ‘அந்தத் தொகையை வாங்கவில்லை’ என்று உண்மையே சொல்ல முடியும் அல்லவா? அந்த வாசலை அடைக்கத்தான் இந்த விதி.

இப்போது உங்கள் பதிலை எடுத்துக்கொள்வோம். ‘பெரும்பகுதி முடிந்துவிட்டது, இன்னொரு குழுவிடமிருந்து சில விஷயங்கள் வரவேண்டும்.’ இது உண்மை என்று முழுமையாக நம்புகிறேன். ஆனால் அவர் கேட்டது ‘எப்போது’. நீங்கள் சொன்னது ‘எவ்வளவு’, பிறகு ‘யாரால்’. சூரிச் பதிலின் அமைப்பும் இதுதான்: கேட்டதற்குப் பக்கத்தில் உள்ள ஓர் உண்மையைச் சொல்வது. பிரான்ஸ்டன் மறைக்க ஒரு கணக்கு வைத்திருந்தார். நீங்கள் மறைக்க எதுவும் இல்லை. தேதி உங்களுக்கே தெரியாது, அவ்வளவுதான். ஆனால் மேலாளர் கேட்பது உங்கள் பதிலை மட்டுமே. உங்கள் மனதுக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது. மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் தேதி வரவில்லை என்றால், அவர் மேலிடத்துக்கு என்ன சொல்வார்? கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்ற எண்ணம் அவருக்கு வருவதில் வியப்பில்லை.

‘தெரியாது’ என்று சொன்னால் திறமை இல்லாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் நல்ல ஊழியர்கள் பலர் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள். உங்கள் கடிதத்திலும் அந்தப் பயம் தெரிகிறது. ‘தேதி இன்று எனக்குத் தெரியாது. அந்தக் குழுவின் கோப்பு வந்த நாளிலிருந்து நான்கு வேலை நாள் எனக்கு வேண்டும். அவர்களிடம் தேதி கேட்டு வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். இதில் தேதி ஒன்றுகூட உறுதியாக இல்லை. இருந்தாலும் இதை மழுப்பல் என்று யாரும் சொல்ல முடியாது. எது தெரியும், எது தெரியாது, தெரியாதது எப்போது தெரியவரும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

மேலாளர் பக்கமும் ஒரு குறை இருக்கிறது. ஒருவருடைய வேலையை மதிப்பிடும் ஆவணத்தில், பொய் என்றும் படிக்க இடமுள்ள ஒரு சொல்லை உதாரணம் ஏதும் காட்டாமல் எழுதுவது சரியல்ல. நீங்கள் கேட்க வேண்டியது அதைத்தான். மனிதவளத் துறைக்கு இப்போதே போகாதீர்கள். முதலில் மேலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். ‘தாமதத்தைச் சொல்கிறீர்களா, நான் பதில் சொல்லும் விதத்தைச் சொல்கிறீர்களா?’ என்று அமைதியாகக் கேளுங்கள். சொல்லை அவர் மாற்றிப்போட்டு எழுதியிருந்தால் அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும். அப்போது திருத்திக் கொடுக்கும்படி கேட்கலாம். பதில் சொல்லும் விதத்தைத்தான் சொன்னேன் என்றால், எந்த வேலை, எந்தக் கூட்டம் என்று ஒன்றிரண்டு உதாரணம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் உங்கள் கருத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். ‘நான் பொய் சொல்லவில்லை’ என்று தொடங்காதீர்கள். அவர் சொல்லாததை நீங்களே எழுத்தில் கொண்டுவந்ததாகிவிடும். அவர் காட்டிய உதாரணங்களைக் குறிப்பிட்டு, அந்த நாட்களில் முடிவுத் தேதி இன்னொரு குழுவைப் பொறுத்திருந்தது, அது எனக்குத் தெரியாது என்பதை நேராகச் சொல்லியிருக்க வேண்டும், இனி அப்படியே சொல்வேன் என்று எழுதினால் போதும். அவர் சொன்ன ஏதாவது ஒரு வேலையில் நீங்கள் தேதியோடு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால், அந்த நாளைக் குறிப்பிட்டு நகலை இணையுங்கள். அதற்குப் பிறகும், உதாரணமே காட்டாமல் அந்த வரி அப்படியே நின்றால், அப்போது மனிதவளத் துறைக்கு எழுத உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. அந்தக் கடிதத்தில், இந்தச் சொல்லுக்கு அகராதிகள் தரும் இரண்டு பொருளையும் எழுதி, எந்தப் பொருளில் உங்களைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது என்று தெளிவுபடுத்தக் கேளுங்கள்.